கைவண்ணம்: பகலில் தெரியாத ஒரு சொல்

நவம்பர் கடைசி வாரம். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு வீடு. பரணில் கிடந்த போன வருடத்து ஸ்டாரை இறக்கி, தூசி தட்டி, உள்ளே பல்பை மாட்டி வாசலில் தொங்கவிட்டாயிற்று. சுவிட்சையும் போட்டாயிற்று. நேரம் மதியம் பன்னிரண்டு. எரிகிறதா, இல்லையா? அண்ணாந்து பார்த்த நான்காம் வகுப்புப் பையனுக்குத் தெரியவில்லை.

"பல்பு பியூஸ் ஆயிட்டு பாட்டி."

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும் மக்களே. உச்சி வெயில்ல எப்பிடித் தெரியும்? ராத்திரி போட்டுப் பாரு."

பையனுக்கு அன்று இன்னொரு கவலையும் இருந்தது. அப்பா வளைகுடாவில் வேலை பார்க்கிறார். இந்தக் கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்கவில்லை என்று முந்தைய நாள் இரவு வீடியோ காலில் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு ஒரு வாழ்த்து அட்டை செய்து அனுப்பலாம் என்று காலையிலேயே உட்கார்ந்து ஒன்றைச் செய்தும் முடித்திருந்தான். வெள்ளை அட்டையின் நடுவில் பெரிய மஞ்சள் நட்சத்திரம். அதன்மேல் இன்னொரு தடவை மஞ்சள். அதற்கும் மேல் ஜிகினா. அப்படியும் அது ஒளிரவில்லை. மஞ்சளாக இருந்தது, அவ்வளவுதான்.

வாசலில் தொங்கிய ஸ்டாருக்கும் மேசைமேல் கிடந்த அட்டைக்கும் ஒரே குறைதான். வெளிச்சம் இருக்கிறது, சுற்றிலும் இருட்டு இல்லை.

இந்த வாரக் கைவேலையின் ரகசியமும் அதுவே. காகிதத்தில் வெளிச்சத்தைப் பூச முடியாது. காகிதத்தின் வெள்ளையை அப்படியே விட்டுவைத்து, சுற்றிலும் இருட்டைப் பூச வேண்டும். வெள்ளை தானாகவே விளக்காகிவிடும்.

முதல் அட்டையிலும் கைவண்ணம் உண்டு

கிறிஸ்துமஸ் அட்டை என்றதும் கடையில் வாங்கும் அச்சு அட்டைதான் நினைவுக்கு வரும். ஆனால், விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டையிலேயே பாதி கைவேலைதான். 1840-ல் பிரிட்டனில் ஒரு பென்னிக்கு நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போடலாம் என்ற திட்டம் வந்தது. அதற்காக உழைத்தவர்களில் ஒருவர் ஹென்றி கோல். தபால் மலிவானதும் எல்லோரும் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்து குவிந்த கடிதங்களுக்குப் பதில் எழுத கோலுக்கே நேரமில்லை. 1843-ல் தன் ஓவிய நண்பர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியிடம் சொல்லி ஓர் அட்டையை வரையச் செய்தார். சுமார் 1,000 பிரதிகள் அச்சாயின. விலை ஒரு ஷில்லிங். கோடுகளை மட்டும் கல் அச்சில் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் தீட்டினார்கள்.

அச்சில் கோடு, கையில் வண்ணம். இன்றைக்கு ஸ்டாம்ப் குத்தி வண்ணம் தீட்டுகிறவர்கள் செய்வதும் இதைத்தான்.

ஒளி சேர்க்கும் வித்தையும் புதிதில்லை. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியில் அச்சான சில போஸ்ட் கார்டுகளில் நிலா, நட்சத்திரம், வீட்டு ஜன்னல் ஆகிய இடங்களை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, பின்னால் மெல்லிய நிறக் காகிதம் ஒட்டியிருப்பார்கள். மேசையில் கிடந்தால் சாதாரணப் படம். விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஜன்னல்களில் எல்லாம் விளக்கு ஏறிவிடும். அந்த இரண்டு வித்தைகளையும் சேர்த்து ஓர் அட்டை செய்வோம்.

தேவையான பொருட்கள்

250 முதல் 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள வெள்ளை ஐவரி அட்டை (ஏ4 அளவு) ஒன்று. டிரேசிங் பேப்பர் அல்லது பட்டர் பேப்பர். கறுப்பு ஸ்டாம்ப் பேட். மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ், ஊதா, கருநீலம் ஆகிய நிறங்களில் ஸ்டாம்ப் மை அல்லது போஸ்டர் கலர். கொஞ்சம் வெள்ளை போஸ்டர் கலர். பாத்திரம் தேய்க்கும் புது ஸ்பாஞ்ச், சிறு துண்டுகளாக வெட்டியது. ஸ்டிக்கி நோட் நாலைந்து. பெரிய ரப்பர் இரண்டு. முற்றாத வெண்டைக்காய் இரண்டு. குண்டூசி, பழைய தெர்மாகோல் துண்டு, டபுள் சைடு டேப், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா, ஸ்கேல், கட்டர்.

கட்டர் பிடிக்கும் வேலை முழுக்கப் பெரியவர்களுடையது.

மடிப்பு

ஏ4 தாளைக் குறுக்கே சரிபாதியாக வெட்டினால் இரண்டு அட்டைகளுக்கு ஆகும். ஒரு பாதியை மறுபடி மடித்தால் 10.5 செ.மீ. அகலம், 14.8 செ.மீ. உயரத்தில் அட்டை தயார். கனத்த தாளை அப்படியே மடித்தால் மடிப்பு வெடித்து நார் நாராகத் தெரியும். ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பேனாவால் ஒரு கோடு அழுத்தி இழுத்துவிட்டு மடியுங்கள். கடையில் வாங்கியதுபோல நேராக நிற்கும்.

வெண்டைக்காய் நட்சத்திரம்

பள்ளிக்கூடத்தில் வெண்டைக்காயை வெட்டி வண்ணத்தில் தோய்த்து நோட்டில் குத்தாதவர்கள் குறைவு. அந்த ஐந்து முனை அச்சு, கிறிஸ்துமஸுக்கென்றே செய்த நட்சத்திரம் மாதிரி இருக்கும். காம்புப் பக்கம் தடித்த இடத்தில் ஒரே வெட்டாக வெட்டுங்கள். வழவழப்பு போக, வெட்டிய முகத்தைச் செய்தித்தாளில் ஒற்றிப் பத்து நிமிடம் காயவிடுங்கள். இல்லாவிட்டால் வண்ணம் ஒட்டாமல் வழுக்கும்.

முதல் நட்சத்திரத்தை அட்டையில் குத்த வேண்டாம். ஸ்டிக்கி நோட்டின் பசை உள்ள பகுதியில் குத்தி, ஓரத்தையொட்டி வெட்டி எடுங்கள். இதுதான் மறைப்பு. அட்டையின் முகப்பில், மேலிருந்து மூன்று செ.மீ. தள்ளி, இந்த மறைப்பை ஒட்டுங்கள். இதற்கு அடியில் இருக்கும் வெள்ளைதான் நம் விளக்கு.

இருட்டைப் பூசுதல்

பையனின் முதல் அட்டை தோற்ற இடம் இது என்பதால் கொஞ்சம் நிதானம் தேவை.

ஸ்பாஞ்சில் மையைத் தொட்டு நேராக அட்டையில் வைத்தால் திட்டு விழும். முதலில் ஒரு பழைய தாளில் இரண்டு, மூன்று முறை தட்டுங்கள். ஸ்பாஞ்ச் கிட்டத்தட்டக் காய்ந்ததுபோல இருக்க வேண்டும். பிறகு வட்டம் வட்டமாக, பவுடர் பூசுகிற மாதிரி மெதுவாகத் தேய்க்க வேண்டும்.

மறைப்பைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள். அதை ஒட்டி ஆரஞ்சு. பிறகு ரோஸ். அதற்கு வெளியே ஊதா. ஓரங்களிலும் மூலைகளிலும் கருநீலம். ஒவ்வொரு நிறமும் முந்தைய நிறத்தின் விளிம்பைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டு போக வேண்டும்.

மஞ்சளுக்குப் பக்கத்திலேயே நீலத்தைப் பூசினால் என்ன என்று தோன்றும். இரண்டும் கலந்து பச்சையாகிவிடும். நட்சத்திரத்தைச் சுற்றிப் பாசி பிடித்த மாதிரி இருக்கும். நடுவில் ஆரஞ்சும் ரோஸும் ஊதாவும் வருவது அதற்காகத்தான். சாயங்கால வானம் இருட்டுகிற அதே வரிசை.

கருநீலத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஒரு பூச்சு காய்ந்ததும் இன்னொன்று. 'இவ்வளவு இருட்டா?' என்று பயம் வருகிறவரை பூசலாம். மூலைகள் இருட்ட இருட்ட, நடுவில் இருக்கும் வெள்ளைக்குப் பிரகாசம் கூடும். முழுக்கக் காய்ந்த பிறகு மறைப்பை மெதுவாக உரித்து எடுங்கள். எந்த மஞ்சளும் படாத வெறும் காகிதம், நட்சத்திரமாக நிற்கும்.

பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தார். "இப்பதான் மக்களே ராத்திரி ஆயிருக்கு" என்றார்.

ரப்பரில் ஊர்

அட்டையின் கீழ்ப்பகுதியில் நான்கு செ.மீ. உயரத்துக்கு ஊர். ஒரு செய்தித்தாளைக் கோணல்மாணலாகக் கிழித்து, கிழிந்த ஓரம் கீழே பார்க்கும்படி வானத்தை மூடிக்கொண்டு, அடியில் கருநீலத்தைப் பூசினால் மலைக்கோடு வந்துவிடும். கன்னியாகுமரிக்காரர்களுக்கு அந்த மலை யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கும் மரத்துக்கும் ரப்பர் ஸ்டாம்ப். படத்தைப் பட்டர் பேப்பரில் பென்சிலால் அழுத்தி வரையுங்கள். வரைந்த பக்கம் ரப்பரைப் பார்க்கும்படி கவிழ்த்து, முதுகில் நகத்தால் தேயுங்கள். படம் இடம் வலமாக மாறி ரப்பரில் இறங்கும். குத்தும்போது மறுபடி மாறி நேராகிவிடும். படத்தைச் சுற்றியுள்ள ரப்பரை மட்டும் இரண்டு மில்லி மீட்டர் ஆழத்துக்குக் கட்டரால் செதுக்கி எடுத்தால் ஸ்டாம்ப் தயார்.

கிறிஸ்துமஸ் அட்டை என்றால் பனியும் ஊசியிலை மரமும் கட்டாயம் என்று யாரும் சட்டம் போடவில்லை. நாகர்கோவில் பக்கம் எங்கே பனி கொட்டுகிறது? ஓட்டு வீடு, இரண்டு தென்னை, ஒரு பனை, தூரத்தில் கோயில் கோபுரத்துச் சிலுவை. அட்டை போய்ச் சேருகிற இடத்தில் இருப்பவர் தேடுவதும் அவற்றைத்தான்.

கறுப்பு மையில் ஸ்டாம்பைத் தட்டி, அட்டைக்கு அடியில் நான்கு மடிப்புச் செய்தித்தாள் வைத்து, நேராக அழுத்தி நேராக எடுங்கள். ஆட்டினால் இரட்டைப் படம் விழும். மை காய்ந்ததும் நட்சத்திரத்தைப் பார்த்த பக்கத்துக் கூரை விளிம்பிலும், தென்னை ஓலை நுனியிலும் வெள்ளை போஸ்டர் கலரால் மெல்லிய கோடு ஒன்று. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை அந்த ஒரு கோடு சொல்லிவிடும். மீதமுள்ள வெண்டைக்காயின் ஒல்லியான நுனியை வெட்டி, வெள்ளையில் லேசாகத் தொட்டு, வானத்தில் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் குத்துங்கள். நிறையக் குத்தினால் பெரிய நட்சத்திரம் கூட்டத்தில் தொலைந்துவிடும்.

ஊசி எழுதும் எழுத்து

இதுவரை செய்தது பகலில் பார்க்கிற அட்டை. இனி ராத்திரிக்கு உள்ளது.

வீட்டின் ஜன்னலைக் கட்டரால் சின்னச் சதுரமாக வெட்டி எடுங்கள். பிறகு, நட்சத்திரத்துக்கும் ஊருக்கும் நடுவில் உள்ள இருண்ட வானத்தில் ஒரு சொல்லை ஒளித்துவைக்கப் போகிறோம். சின்னச் சொல்லாக இருக்க வேண்டும். எழுத்துகள் இரண்டு செ.மீ. உயரம் என்றால், அட்டையின் அகலத்தில் மூன்று, நான்கு எழுத்துகளுக்குத்தான் இடம்.

பையன் 'ஹேப்பி கிறிஸ்துமஸ்' என்று ஆரம்பித்தான். பாதியிலேயே இடம் தீர்ந்தது. 'வாழ்த்துகள்' என்பதும் கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் ஒரு சொல்லை எழுதினான்.

சொல்லை மெல்லிய தாளில் எழுதி, அட்டையின் முகப்பில் வைத்து, அடியில் தெர்மாகோல் கொடுத்து, கோட்டின் வழியே குண்டூசியால் குத்திக்கொண்டே போங்கள். துளைக்குத் துளை இரண்டு முதல் மூன்று மில்லி மீட்டர் இடைவெளி. நெருங்கிக் குத்தினால் காகிதம் கிழியும். மிகவும் தள்ளிப் போனால் எழுத்து சேராது. ஊசியை நேராக நிறுத்திக் குத்துவது முக்கியம். சாய்த்துக் குத்திய துளையில் வெளிச்சம் நேரே வராது. அப்படியே பெரிய நட்சத்திரத்தைச் சுற்றியும் ஒரு வரிசை.

ஓலைச்சுவடிக் காலத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்தால் எழுத்தாணி ஓலையைப் பொத்துவிடும் என்று பெரும்பாலும் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். இங்கே எல்லாம் தலைகீழ். புள்ளிகளே எழுத்து. பொத்தினால்தான் படிக்க முடியும்.

எல்லாம் முடிந்ததும் அட்டையை டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அடைத்த துளை இருந்தால் மறுபடி குத்துங்கள். திருப்தியானதும், முகப்பின் உள்பக்கம் முழுவதையும் மூடும்படி டிரேசிங் பேப்பரை ஒட்டுங்கள். ஜன்னலுக்கு நேரே வரும் இடத்தில் மட்டும் அதில் மஞ்சள் பூசிக்கொள்ளலாம். நான்கு ஓரங்களிலும் டேப் போதும். பசையை முழுக்கத் தடவினால் துளைகள் அடைத்துக்கொள்ளும். இந்தத் தாள் வெளிச்சத்தைப் பரப்பிக் கொடுக்கும், குத்திய சொரசொரப்பையும் மறைத்துவிடும்.

பகலில் பார்த்தால் இருண்ட வானம். உற்றுப் பார்த்தால் ஏதோ புள்ளிகள். ராத்திரி அறையின் விளக்கை அணைத்துவிட்டு, அட்டையைப் பாதி திறந்து நிறுத்தி, உள்ளே செல்போன் டார்ச்சைக் காட்டினால் ஜன்னலில் விளக்கு எரியும், நட்சத்திரத்தைச் சுற்றி வளையம் வரும், வானத்தில் சொல் எழுந்து நிற்கும்.

வீட்டிலேயே வைக்கிற அட்டை என்றால்

குடிலுக்குப் பக்கத்தில் நிறுத்தவோ பக்கத்து வீட்டில் கையில் கொடுக்கவோ செய்கிற அட்டையில் சின்ன எல்.இ.டி. பல்பையே வைக்கலாம். சி.ஆர்.2032 என்ற மூன்று வோல்ட் பட்டன் பேட்டரி ஒன்று, எல்.இ.டி. ஒன்று. பல்பின் நீளமான கால் பேட்டரியின் + பக்கம், குட்டைக் கால் மறுபக்கம். காலை மாற்றி வைத்தால் எரியாது, திருப்பி வைத்தால் எரியும். ஒரே பேட்டரியில் சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்து மாட்டினால் சிவப்பு மட்டும் எரிந்து வெள்ளை மங்கிவிடும். சிவப்புக்குக் குறைந்த வோல்ட் போதும் என்பதால் அது முந்திக்கொள்ளும். ஆகவே ஒரே நிறமாக வாங்குங்கள்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த வேலை வேண்டாம். பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் தங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால்கூட, வாந்தி எடுக்க வைக்காமல், வெளியே வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தமிழ்நாட்டில் 108-ஐ அழைக்கலாம். வாழ்த்து அட்டையைவிடக் குழந்தை முக்கியம்.

வெளிநாட்டுக்குத் தபாலில் போகிற அட்டையிலும் பேட்டரி கூடாது. லித்தியம் பேட்டரிகளுக்கு விமான அஞ்சலில் கட்டுப்பாடுகள் உண்டு. ஊசித் துளை அட்டைக்கு அந்தச் சிக்கலே இல்லை. வெறும் காகிதம்தான் பயணம் செய்கிறது. வெளிச்சம் அங்கே இருப்பவரின் கையிலேயே இருக்கிறது.

தபாலில் சேர்க்கும் முன்

இந்த அளவு அட்டைக்கு 11.4 செ.மீ.க்கு 16.2 செ.மீ. கவர் சரியாக இருக்கும். மை ஒட்டாமலிருக்க, முகப்பின்மேல் ஒரு பட்டர் பேப்பர் துண்டு வையுங்கள். ஜிகினா போட வேண்டாம், கவரைத் திறந்ததும் பாதி கீழே கொட்டும். வளைகுடா முகவரிகளில் பி.ஓ. பாக்ஸ் எண் தெளிவாக இருக்கட்டும். வெளிநாட்டுக்கு என்றால் நவம்பர் கடைசியிலேயே அனுப்பிவிடுவது நல்லது. கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்கத் தபால் குவியும்.

முக்கியமாக, அட்டையின் முதுகில் ஒரு வரி எழுத மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஒளித்துவைத்த சொல் ஒளிந்தபடியே இருந்துவிடும்.

பையன் எழுதினான்: 'அப்பா, ராத்திரி லைட்டை அணைச்சிட்டு இதுக்குப் பின்னால போன் டார்ச் அடிச்சுப் பாருங்க.'

கவரை ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை சரிபார்க்க வேண்டுமே. அன்று இரவு சாப்பாடு முடிந்ததும் வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்தார்கள். வாசலில் ஸ்டார் எரிந்துகொண்டிருந்தது. பல்பு நன்றாகத்தான் இருந்தது. மேசைமேல் அட்டையை நிறுத்தி, அம்மா தன் போனின் டார்ச்சைப் போட்டார்.

ஓட்டு வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. மேலே வானத்தில், கொஞ்சம் கோணலாக, புள்ளி புள்ளியாக ஒரு சொல் வந்தது.

'வாங்க.'

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிதான் முதலில் பேசினார்.

"அந்த 'ங்'குக்குப் புள்ளி விட்டுப்போச்சு மக்களே. ஊசியை எடு."